ஃப்ரேமுக்கு வெளியே நிற்கும் சுறா

1974ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக் கடலில் ஒரு படக்குழு இயந்திரச் சுறாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்த சுறா அது. குழுவினர் அதற்கு ப்ரூஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். உப்புநீரில் இறக்கியதும் ப்ரூஸ் மக்கர் செய்யத் தொடங்கியது. 55 நாளில் முடிந்திருக்க வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு அப்போது 27 வயது. எடுப்பதோ சுறா படம், காட்டத்தான் சுறா இல்லை.

அவர் கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினார். கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவரின் பார்வை போய், கழுத்தளவு நீரில் நிற்பவரின் பார்வை வந்தது. சில இடங்களில் கேமரா நீருக்கு அடியிலேயே போய், மேலே உதைத்து நீந்தும் கால்களை அண்ணாந்து பார்த்தது. அது யாருடைய பார்வை என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. படத்தின் பிற்பகுதியில், சுறாவின் உடலில் மாட்டிய மஞ்சள் பீப்பாய்கள் சுறாவுக்குப் பதிலாக நடித்தன. மீதியை இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் பார்த்துக்கொண்டார். அரைச்சுர இடைவெளியில் இரண்டே சுரங்கள், கீழ் ஸ்தாயியில். பியானோவில் முதலில் வாசித்துக் காட்டியபோது, கேலி செய்கிறார் என்று நினைத்து ஸ்பீல்பெர்க் சிரித்துவிட்டாராம். அந்த இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. சுறா நன்றாகத் தலைகாட்டுவதற்குள் படம் ஒரு மணி இருபது நிமிடம் ஓடிவிடுகிறது.

இதை அதிர்ஷ்டமான விபத்து என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. கேமரா எதைக் காட்டினாலும் அந்தக் காட்சிக்கு நான்கு ஓரம் உண்டு. ஒலிக்கு ஓரம் கிடையாது. ஃப்ரேமுக்கு வெளியே, நாற்காலிக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் காது கேட்கும். பேசும்படம் வந்த நாளிலிருந்து த்ரில்லர் எடுப்பவர்கள் பிழைப்பு நடத்துவது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். கண்ணுக்குக் கொடுப்பதைக் குறைப்பார்கள். குறைத்ததில் பாதியை மட்டும் காது வழியாகத் திருப்பிக் கொடுப்பார்கள். மிச்சப் பாதியைப் பார்க்கிறவரின் மூளை போட்டுக்கொள்ளும். இன்னொருவர் போட்டுக் கொடுப்பதைவிட அது எப்போதும் பயங்கரமாகவே இருக்கும்.

ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் லாங், தன் முதல் பேசும்படமான ‘எம்’மை 1931இல் வெளியிட்டபோதே இதைக் கண்டுகொண்டிருந்தார். குழந்தைகளைக் கொல்லும் ஒருவன் நகரத்தில் திரிகிறான். அவன் எப்போதும் சீட்டியடிப்பது நார்வே இசைமேதை க்ரீக்கின் ஒரு மெட்டு. முகம் தெரியாவிட்டாலும் சீட்டி கேட்டால் அவன் பக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். கடைசியில் அவனை அடையாளம் காட்டுவதும் பார்வையற்ற ஒரு பலூன் வியாபாரிதான். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை ஒருவர் தன் முதல் முயற்சியிலேயே செய்துவிட்டார் என்பது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

‘ஜாஸ்’ இந்த உத்தியை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. அதில் இசை ஒரு ஒப்பந்தம் மாதிரி நடந்துகொள்கிறது. இரண்டு சுரம் கேட்டால் சுறா வருகிறது, கேட்காவிட்டால் வரவில்லை. நடுவில் இரண்டு பொடியன்கள் அட்டையில் செய்த துடுப்பை மாட்டிக்கொண்டு கடற்கரையையே அலறவிடும் காட்சி ஒன்று உண்டு. அங்கே அந்த மெட்டு ஒலிக்காது. கவனித்த ரசிகர் பதறியிருக்க மாட்டார். இரவில் தெருமுனையில் குல்ஃபி வண்டி மணி கேட்டதும் நாக்கில் நீர் ஊறுவதைப் போல, ஒரு மணி நேரத்தில் அரங்கம் முழுவதும் அந்த இரண்டு சுரத்துக்குப் பழகிவிடுகிறது. பழக்கிவிட்டுத்தான் படம் ஏமாற்றுகிறது. போலீஸ் தலைவர் ப்ரோடி அலட்சியமாக மீன் துண்டுகளைக் கடலில் வீசிக்கொண்டிருக்கும்போது, எந்த இசையும் இல்லாமல் சுறா சடாரென்று தலையைத் தூக்குகிறது. அரங்கில் எழும் அலறலில் பாதி சுறாவுக்கு, பாதி முறிந்த ஒப்பந்தத்துக்கு.

அந்த மெட்டில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அது மெதுவாகத் தொடங்கி, வேகமும் சத்தமும் ஏறிக்கொண்டே வரும். இயற்கையில் ஒரு சத்தம் ஏறிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று நெருங்குகிறது என்று பொருள். அமெரிக்க உளவியலாளர் ஜான் நியூஹாஃப் 1998இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரே அளவு ஏறும் ஒலியையும் ஒரே அளவு இறங்கும் ஒலியையும் கேட்கவைத்தால், ஏறும் ஒலிதான் அதிகமாக மாறியதாக மக்கள் சொல்கிறார்கள். விலகிப் போவதைத் தப்பாகக் கணித்தால் நஷ்டம் இல்லை, நெருங்கி வருவதைத் தப்பாகக் கணித்தால் உயிர் போகும். அதனால் காது கொஞ்சம் மிகைப்படுத்தியே கணக்குச் சொல்கிறது. ரீசஸ் குரங்குகளிடமும் இதே சாய்வு இருப்பதை 2002இல் கண்டார்கள். ஏறும் ஒலி, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியைத் தூண்டுவதும் பிறகு ஸ்கேனில் தெரியவந்தது.

சரி, காது எதற்காகக் காத்திருக்க வேண்டும்? அதை முடிவு செய்வது பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்பது. இந்த இடத்தில் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக்கைத் தாண்டிப் போக முடியாது. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் அவர் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு உதாரணம் உலகம் முழுக்கப் பிரசித்தம். இருவர் மேசையருகே அமர்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது என்றால் பார்ப்பவருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டு, அதே அரட்டையைத் தொடரவிட்டால் பதினைந்து நிமிடம் தவிப்பு. ஆனால் இந்தக் கணக்கை அவரே ஒருமுறை தப்பாகப் போட்டிருக்கிறார் என்பதைப் பலரும் சொல்வதில்லை. 1936இல் வந்த ‘சபோடாஜ்’ படத்தில் ஒரு சிறுவன், கையில் இருப்பது குண்டு என்று தெரியாமல் லண்டன் தெருக்களில் அங்கங்கே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போவான். தவிக்க வைத்துவிட்டு, இறுதியில் பேருந்தோடு சேர்த்துக் குண்டு வெடித்தேவிடும். ரசிகர்கள் மன்னிக்கவில்லை. ஏற்றிய பாரத்தை இறக்கிவைக்காமல் விட்டது தப்பு என்று ஹிட்ச்காக் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அந்தப் படத்தின் தாக்கத்தில் தமிழிலும் ஒன்று வந்தது. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் 1964இல் எடுத்த ‘பொம்மை’. குண்டு மறைத்து வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிப் போகும் கதை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஏவிஎம்முக்காகப் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ எடுத்தவர் அவர். சங்கீதத்தில் அவ்வளவு ஊறிய ஒருவருக்குத்தான் எங்கே சங்கீதம் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. இன்றைய நம் த்ரில்லர்கள் பலவற்றில் பின்னணி இசை டைட்டிலில் திறந்த வாயைக் கடைசிவரை மூடுவதில்லை. கதாநாயகன் கதவைத் திறப்பதற்கு முன்பே ‘கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான்’ என்று வயலின்கள் கூட்டமாகப் போட்டுக்கொடுத்துவிடுகின்றன.

கேமராவின் பங்குக்கு வருவோம். கேமரா ஒரு குண்டை எப்படிச் சுமக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், ஆர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்த ‘டச் ஆஃப் ஈவில்’. முதல் ஷாட்டிலேயே ஒரு கை டைம்பாமைத் திருகி, ஒரு காரின் டிக்கியில் வைக்கிறது. ஒரு ஜோடி வந்து ஏறிக் காரை ஓட்டிக்கொண்டு போகிறது. கேமரா கிரேனில் எழும்பிக் கூரைகளைத் தாண்டி, மெக்சிகோ எல்லை ஊர் ஒன்றின் தெருவில் இறங்கி, மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் நகர்கிறது. கார் ஃப்ரேமுக்குள் வரும், போகும். நடுவில் கதாநாயகனும் மனைவியும் நடந்து வருவார்கள். காரும் அவர்களும் அடிக்கடி பக்கத்தில் வந்து நிற்பார்கள். எடிட்டிங்கில் வெட்டு விழுந்தால் நேரம் சுருங்கும், ‘இடையில் கொஞ்சம் விட்டிருப்பார்கள்’ என்று மனம் ஆசுவாசப்படும். வெட்டு இல்லாதபோது திரையின் நேரமும் நம் கைக்கடிகாரத்தின் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த ஷாட்டில் தப்பிக்க இடமே இல்லை.

ஆனால் தயாரிப்பு நிறுவனம் அந்த ஷாட்டின் மேல் எழுத்துகளை ஓடவிட்டு, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டது. வெல்ஸ் 58 பக்கத்தில் குறை எழுதிக் கொடுத்தும் பயனில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1998இல், ஒலிக்கலைஞரும் எடிட்டருமான வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்துப் படத்தை மறுபடி தொகுத்தார். எழுத்துகள் போயின. இசையும் போனது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கடையிலிருந்தும் விடுதியிலிருந்தும் கசியும் வெவ்வேறு பாட்டு, ஆட்டுக்குட்டிகளின் சத்தம், அந்தக் காரின் ரேடியோ. இப்போது கார் ஃப்ரேமைவிட்டுப் போனாலும் அது எங்கே இருக்கிறது என்று காது சொல்கிறது. ரேடியோ பாட்டு மெலிந்தால் மூச்சு விடலாம், வலுத்தால் விட முடியாது. இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள், ஒரே ஷாட் எப்படி இரண்டு வெவ்வேறு அனுபவமாகிறது என்பதை ஏழு நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். திரைப்படக் கல்லூரிப் பாடம் ஒன்றை இதைவிடச் சுருக்கமாக நடத்த முடியும் என்று தோன்றவில்லை.

கேமரா உத்திகளில் அதிகம் பேசப்படுவது டாலி ஜூம். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வில், உயரத்தைக் கண்டு தலைசுற்றும் நாயகனின் பார்வையைக் காட்ட, இர்மின் ராபர்ட்ஸ் என்ற ஒளிப்பதிவாளர் அதைச் செய்து கொடுத்தார். கோபுரத்தின் மாடிப்படியை மாதிரியாகச் செய்து, தரையில் படுக்கவைத்து எடுத்தார்கள். செலவு 19,000 டாலர். இதன் கணிதம் எளியது. ஒரு பொருள் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது லென்ஸின் குவியத் தூரத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் வரும் விகிதத்தைப் பொறுத்தது. நடிகர் கேமராவிலிருந்து 4 மீட்டரில், அவருக்குப் பின்னால் உள்ள சுவர் 12 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். கேமராவை 2 மீட்டர் முன்னால் தள்ளி, அதே நேரத்தில் குவியத் தூரத்தைப் பாதியாக்கினால் நடிகரின் முகம் அணுவளவும் மாறாது. ஆனால் சுவர் முன்பிருந்த அளவில் 60 சதவீதமாகச் சுருங்கி, பின்னால் ஓடிவிட்டது போலத் தெரியும். ‘ஜாஸ்’ படத்தில், கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் ப்ரோடி தாக்குதலைக் கண்ணால் காணும் அந்த நொடியில் நடப்பது இதுதான்.

நிஜ வாழ்க்கையில் இப்படி ஒன்று நிகழ வழியே இல்லை. முகத்தின் அளவு மாறாததால் ‘நீ நகரவில்லை’ என்று ஒரு செய்தி. பின்னணி மாறுவதால் ‘நகர்கிறாய்’ என்று இன்னொரு செய்தி. உட்காதில் சமநிலையைக் கவனிக்கும் உறுப்போ ‘நாற்காலியில்தான் இருக்கிறாய்’ என்கிறது. மூளைக்கு வயிற்றைப் பிசைகிறது. இதே காரணத்தால் இதை ஒரு படத்தில் ஒரு தடவைக்கு மேல் செய்யக் கூடாது என்பது என் கட்சி. இப்போதோ செல்போன் செயலியிலேயே அந்த வசதி வந்துவிட்டதால் கல்யாண வீடியோவிலும் மாப்பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது.

மறுபடி ஒலிக்கு வருவோம். ஹிட்ச்காக்கின் 1960 ‘சைக்கோ’வில் குளியலறைக் கொலைக்கு ஏழு நாள் படப்பிடிப்பு நடந்தது. கத்தி உடம்பில் இறங்கும் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்தினார்கள், ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் ஊற்றினார்கள். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக் கீச்சிடும் ஓர் இசையை எழுதி, காட்சியோடு போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் உடனே மனம் மாறினார். ஹெர்மன் எழுதியது என்ன என்பதற்கான விளக்கம் ஐம்பது ஆண்டு கழித்து, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

டேனியல் ப்ளூம்ஸ்டீன் சினிமாக்காரர் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் விலங்கு நடத்தையியல் ஆய்வாளர். மலைப்பகுதிகளில் வாழும் மர்மோட் என்ற பெரிய அணில் வகையைப் பிடித்து ஆராய்பவர். பிடிபட்ட குட்டிகள் போடும் கூச்சலில் ஒரு கரகரப்பு இருப்பதைக் கவனித்தார். குரல்வளை தாங்கக்கூடியதைவிட அதிகமாகக் காற்றை விசையோடு தள்ளும்போது அதன் அதிர்வு ஒழுங்கு குலைந்து இரைச்சலாகிவிடும். பல பாலூட்டிகளின் பிராண பயக் கூச்சலில் இந்தக் குலைவு உண்டு. சினிமாக்காரர்கள் இதையே தெரிந்தோ தெரியாமலோ பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க, 100க்கும் மேற்பட்ட படங்களின் பேர்பெற்ற காட்சிகளின் ஒலியை அவரும் குழுவினரும் அலசி 2010இல் வெளியிட்டார்கள். பேய்ப்படங்களில் இரைச்சல் கலந்த அலறல் எதிர்பார்த்ததைவிட அதிகம். சோகப் படங்களில் அதை அடக்கி வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, சாதுவான இசைத் துணுக்குகளில் நடுவில் திடீரென்று இந்தக் கரகரப்பைக் கலந்து மக்களுக்குப் போட்டார்கள். கேட்டவர்கள் பதற்றமாக உணர்ந்தார்கள். சப்பென்ற காட்சி ஒன்றோடு சேர்த்துப் போட்டபோது பதற்றம் குறைந்தது, ஆனால் ‘ஏதோ சரியில்லை’ என்ற உணர்வு போகவில்லை.

அலறலில் அப்படி என்னதான் இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் லூக் ஆர்னாலும் டேவிட் பொப்பெலும் 2015இல் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். நாம் பேசும்போது குரலின் உரப்பு நொடிக்கு நான்கைந்து தடவை ஏறி இறங்குகிறது. அலறும்போது 30 முதல் 150 தடவை. காதுக்கு இது சொரசொரப்பாகப் படும். சாதாரணப் பேச்சு இந்த வட்டாரத்துக்குள் வருவதே இல்லை, அலறலுக்கென்றே ஒதுக்கிவைத்த இடம் போல. கார் அலாரமும் அபாய மணியும் இங்கேதான் இருக்கின்றன. சொரசொரப்பு கூடக் கூட மக்கள் அதிகப் பயத்தைத் தெரிவித்தார்கள், அமிக்டலாவும் அதிகமாகத் துடித்தது. ஹெர்மனின் வயலின்கள் அந்தக் குளியலறையில் சேர்ந்திசை வாசிக்கவில்லை, கூடச் சேர்ந்து அலறின என்று இதை வைத்துச் சொல்லலாம்.

ஆனால் சத்தமாகப் பயமுறுத்துவது எளிது. 1942இல் ‘கேட் பீப்பிள்’ படத்தில், இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி வருகிறாள். இரண்டு ஜோடிக் குதிகால் சத்தம், மாறி மாறி. திடீரென்று பின்னால் வந்த சத்தம் நின்றுபோகிறது. அவள் நின்று திரும்புகிறாள். யாருமில்லை. அந்த நொடியில் ஏதோ ஒன்று சீறிப் பாய்கிறது. பார்த்தால் ஒரு பஸ், அதன் காற்று பிரேக். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இத்தகைய உத்திக்கே ‘லூட்டன் பஸ்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. திடுக்கிடுவது மூளைத்தண்டின் வேலை. யோசிக்கும் மேல்மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்து அது முடிவெடுப்பதற்குள், சில பத்து மில்லி நொடிகளில் கண் சிமிட்டித் தோள் சுருங்கிவிடும். ஏற்கெனவே பயந்திருக்கும் உயிர் இன்னும் பலமாகத் துள்ளும் என்பதை 1951இலேயே எலிகளிடம் அளந்து காட்டியிருக்கிறார்கள். லூட்டனின் பஸ் வேலை செய்தது, அதற்கு முன் ஒரு நிமிடம் அந்தக் காலடிச் சத்தம் நம்மைப் பயத்தில் ஊறவைத்ததால். ஊறவைக்காமல் பூனையைத் தூக்கித் திரையில் எறிபவர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

இசையை அறவே விலக்கியும் செய்யலாம். ஹிட்ச்காக்கின் ‘பேர்ட்ஸ்’ படத்தில் வழக்கமான பின்னணி இசை கிடையாது. பறவைக் கூச்சலில் பெரும்பகுதி டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உண்டாக்கியது. 2007இல் கோயன் சகோதரர்கள் எடுத்த ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ படத்திலும் இசை அநேகமாக இல்லை. அதில் ஒரு விடுதி அறைக் காட்சி. பணப்பையோடு ஒளிந்திருப்பவன் கீழே வரவேற்பறைக்கு போன் செய்கிறான். மாடியிலிருந்தே அந்த மணி மெலிதாகக் கேட்கிறது. யாரும் எடுக்கவில்லை. எடுக்க யாரும் உயிரோடு இல்லையோ? பிறகு தாழ்வாரத்தில் காலடி. கதவிடுக்கில் இரண்டு கால்களின் நிழல். நிழல் நகர்ந்து போகிறது. எங்கோ ஏதோ கிறீச்சிடும் சத்தம், அதோடு கதவிடுக்கு வெளிச்சம் அணைகிறது: யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். கொலைகாரன் ஃப்ரேமுக்குள் வரவே இல்லை. அவன் என்னென்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாகக் காதால் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இதே படத்தின் பெட்ரோல் பங்க் காட்சியில், காசைச் சுண்டி ஒருவரின் உயிரை முடிவு செய்யும் இடத்தில், இசையமைப்பாளர் கார்ட்டர் பர்வெல் ஒரு காரியம் செய்தார். மெல்ல எழும்பும் ஓர் ஒலியை, ஃப்ரிட்ஜ் முனகுவதன் 60 ஹெர்ட்ஸோடு சேர்த்துவிட்டார். அது இசை என்றே யாருக்கும் தோன்றாது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைவது, நம்முடையது 50. இரண்டுக்கும் விகிதம் 6க்கு 5. நம் வீட்டு ஃப்ரிட்ஜை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அவர்கள் ஃப்ரிட்ஜ் சாதாரண காந்தாரத்தில் முனகும். கதைக்கு இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏறிக்கொண்டே போய், ஆனால் எங்கும் போய்ச் சேராத ஒலியும் உண்டு. பெல் ஆய்வகத்தில் ரோஜர் ஷெப்பர்ட் 1964இல் விவரித்தது. ஒரே சுரத்தைப் பல ஸ்தாயிகளில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவார்கள். உச்சியில் இருப்பது ஏறும்போதே மெலிந்து மறையும், அடியில் புதிதாக ஒன்று மெலிதாக நுழையும். காதுக்கு அது முடிவே இல்லாமல் ஏறுவதாகப் படும். 2017இல் வந்த ‘டன்கர்க்’ படத்தில் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் இதைப் படம் நெடுகப் பயன்படுத்தினார். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தன் கடிகாரத்தின் டிக்டிக்கைப் பதிவு செய்து அவருக்கு அனுப்பியிருந்தார். கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானில் ஒரு மணி நேரம் என்று மூன்று காலத்தைப் பின்னிய திரைக்கதையையே ஷெப்பர்டின் அடுக்குமுறையில் எழுதியதாக நோலன் சொல்லியிருக்கிறார். ஒன்று ஓயும் இடத்தில் மற்றொன்று ஏறும். இறக்கம் என்பதே கிடையாது. புத்திசாலித்தனமான வேலைதான். என்றாலும் அரங்கைவிட்டு வெளியே வந்தபோது களைப்புதான் மிஞ்சியது.

இதையெல்லாம் செல்போனில் பார்க்கும்போது என்ன ஆகிறது? டபுள் பாஸ் வாத்தியத்தின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். உள்ளங்கை அளவு போனின் ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தொட முடியாது. ஆனாலும் சுரம் என்னவோ கேட்கிறது. காரணம், மேலே உள்ள துணை அதிர்வுகளின் இடைவெளியைப் பார்த்து, கீழே இல்லாத அடிச்சுரத்தை மூளையே கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொள்கிறது. நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் அதிர்வைத்தான் மூளையால் தயாரிக்க முடியாது. அதற்குத் தியேட்டருக்குத்தான் போக வேண்டும்.

தியேட்டரில் இருப்பவர்களின் உடம்பு அதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதைக் காற்றிலேயே அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மேக்ஸ் ப்ளாங்க் வேதியியல் ஆய்வாளர்கள், ஒரு தியேட்டரின் காற்று வெளியேறும் குழாயில் கருவியைப் பொருத்தி, 16 படங்களுக்கு வந்த சுமார் 9,500 பேரின் மூச்சை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்தில், நாயகியின் உடை தீப்பற்றும் இடத்திலும் இறுதி மோதல் தொடங்கும் இடத்திலும் கரியமில வாயுவும் ஐசோப்ரீன் என்ற பொருளும் ஒவ்வொரு திரையிடலிலும் அதே நிமிடத்தில் எகிறின. தசைகள் இறுகும்போது ஐசோப்ரீன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறுகிறது. தெரியாத முந்நூறு பேர் இருட்டில் ஒரே நேரத்தில் உடம்பை இறுக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு இது ரசாயன சாட்சி.

மூளைகளும் அப்படியே. யூரி ஹாசனும் சகாக்களும் 2008இல் செய்த ஆய்வில், பார்வையாளர்களை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனரில் படுக்கவைத்துப் படம் காட்டினார்கள். நியூயார்க் பூங்கா ஒன்றில் கேமராவைச் சும்மா நிறுத்தி எடுத்த காட்சிக்கு, ஆளுக்கு ஆள் ஒத்துப்போன மூளைப்பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’க்கு 45 சதவீதம். ஹிட்ச்காக் 1961இல் தொலைக்காட்சிக்கு எடுத்த ‘பேங்! யூ ஆர் டெட்’டுக்கு 65 சதவீதத்துக்கும் மேல். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் 2015இல் செய்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. திரையின் ஓரங்களில் சதுரங்கக் கட்டங்களை மின்னவிட்டு, நடுவில் த்ரில்லர் காட்சிகளை ஓட்டினார்கள். பதற்றம் ஏறும் கணங்களில், பார்வையின் ஓரத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியின் வேலை குறைந்து, நடுவைக் கவனிக்கும் பகுதியின் வேலை கூடியது. ஒளிப்பதிவாளர் க்ளோசப்புக்கு நெருங்கிக்கொண்டே போவதைப் போல மூளையும் தன் பங்குக்கு ஒரு க்ளோசப் வைத்துக்கொள்கிறது. அப்புறம் ஃப்ரேமுக்கு வெளியே காவலுக்கு இருப்பது காது மட்டும்தான்.

‘பேங்! யூ ஆர் டெட்’ படம் பிறகு ஒரு மருத்துவமனை வேலைக்கும் போனது. அதில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், மாமாவின் பெட்டியிலிருந்து நிஜத் துப்பாக்கியை எடுத்து, பொம்மை என்று நினைத்து, எதிர்ப்படுபவர்களை எல்லாம் குறிபார்த்துக்கொண்டு திரிவான். அது நிஜம், உள்ளே தோட்டா இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். மேசைக்கடிக் குண்டேதான். கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் லோரினா நாசியும் ஏட்ரியன் ஓவனும், மூளைக் காயத்தால் கண்விழித்தபடியே எதற்கும் பதில் சொல்லாமல் கிடக்கும் நோயாளிகளுக்கு இதன் எட்டு நிமிடச் சுருக்கத்தைக் காட்டினார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, 16 ஆண்டுகளாக எந்த அசைவிலும் பதில் சொல்லாத 34 வயதுக்காரர் ஒருவரின் மூளை, கதையைத் தொடர்ந்து புரிந்துகொள்ளும் ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே அதே இடங்களில் ஏறி இறங்கியது. வெறும் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் இப்படி நடக்காது. துப்பாக்கி நிஜம் என்பதை நினைவில் வைத்திருந்தால்தான் அந்தப் படத்தில் பதற முடியும்.

இந்தச் சோதனைக்கு ஒரு சிக்கல் இருந்தது. இத்தகைய நோயாளிகள் பலருக்குக் கண்ணைத் திரையில் நிலைநிறுத்த முடியாது. ஆகவே அடுத்த கட்டத்தில் அந்தக் குழு படத்தையே நீக்கிவிட்டது. ‘டேக்கன்’ என்ற த்ரில்லரில், பாரிஸில் மகளைக் கடத்திக்கொண்டு போவதைத் தந்தை அமெரிக்காவிலிருந்து போனில் கேட்கிற காட்சி ஒன்று உண்டு. அதன் ஒலியில் ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஹெட்போன் வழியாகப் போட்டார்கள். ஆரோக்கியமானவர்களின் மூளைகள் அதற்கும் ஒன்றுபோலவே ஏறி இறங்கின.